மட்டக்களப்புத் தமிழில் ஒரு நாவலாசிரியர்



படுவான்கரையிலே வேளாண்மை செய்வோரும் எழுவான்கரையிலே உத்தியோகம் பார்ப்போரும் இன்று ஓரவையில் அமர்ந்திருக்கின்றீர்கள். விமல் குழந்தைவேலைப் பற்றிப் பேசுதற்கு ஏற்ற அவை இதுவே. வாவி முடியுமிடத்துக்குத் தெற்கே, அக்கரைப்பற்றை அடுத்த கோளாவிற் கிராமத்தவர் அவர், இலண்டனுக்குக் குடிபெயர்ந்தவர். எனினும் அவருடைய நாவல்கள் நம் வட்டைகளையும் வளவுகளையும் விட்டு அகலவில்லை.

2004-இல் வந்த ‘வெள்ளாவி’ சலவைத் தொழிலாளர் வாழ்வைச் சொல்வது. நம் வீட்டுத் துணியை வெளுத்தவர்களுக்கு நெல் அளந்து கொடுத்தோம்; அவர்தம் பெண்கள் பட்ட இழிவைக் கண்டும் காணாதிருந்தோம். போடியார் பெருமை பேசிப் பழகிய நமக்கு இந்நூல் கசக்கும். கசந்தாலும் படித்தல் வேண்டும்.

2011-இல் வந்த ‘கசகறணம்’ இன்னும் முக்கியமானது என்பது நம் துணிபு. தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் வியாபாரிகளும் உறவு கொண்டாடி விற்றும் வாங்கியும் வாழ்ந்த அக்கரைப்பற்றுச் சந்தையும், 1980-களில் அவ்வுறவு குலைந்த விதமும் அதன் பொருள். ஒருவர் விளைவித்த நெல்லை மற்றவர் வாங்கினார். தாய்வழிக் குடிமுறையை இரு சாராருமே பேணி வருகின்றோம். அப்படியிருந்தும் 1985 ஏப்பிரலிலே கலகம் மூண்டது. 1990 ஓகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதம் வீரமுனையிலே தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். நம்மவர் சாவை மட்டும் எண்ணும் வழக்கம் இரு பக்கத்திலும் உண்டு. நாவலாசிரியரோ கணக்குப் பார்க்கப் புகவில்லை. சந்தையிலே கூடை வைத்திருந்த கிழவிகளின் பேச்சைக் கேட்கச் செய்கின்றார். இழந்தது எதுவென்று நமக்குத் தானாகவே விளங்குகின்றது.

அந்தப் பேச்சைப் பற்றியும் ஒரு சொல். ‘மறுகா’ என்றும் ‘பெத்தா’ என்றும் ‘என்னகா’ என்றும் அச்சில் ஏற்றினால் தமிழ் கெடும் என்று நம் ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். (வீட்டுக்குப் போனதும் அவர்களும் அப்படியே பேசுவர் என்பது வேறு விஷயம்!) பிற ஊர் வாசகருக்குச் சில பக்கங்கள் கடினமே, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிழவிகள் செந்தமிழிற் பேசியிருந்தால் நாம் நம்பியிருப்போமா?

நம் ஊர் வாசிகசாலைகள் எத்தனையில் இவ்விரு நூல்களும் உள்ளன? செயலாளர்கள் நாளையே தேடிப் பார்க்கட்டும். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் ‘கசகறணம்’ ஒரே வாரத்திற் படிக்கப்பட்டு, பின்னர் இரு ஊராரும் ஒன்றாயிருந்து அதைப் பற்றிப் பேசுவார்களாயின், அந்தக் கூட்டத்துக்குப் பாய் விரிக்க நாம் வருகின்றோம்.