தேன்பெட்டிக்கு வெளியே: மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகளும் அரசின் கொள்கையும்

திருவண்ணாமலை மாவட்டத்து நெல்லும் மணிலாவும் பூச்சிகளின் துணையைப் பெரிதாக நம்பியிருப்பவை அல்ல. எள், சூரியகாந்தி, பூசணி, பீர்க்கு, புடலை, கத்தரி ஆகியவற்றின் நிலை வேறு. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியிலுள்ள சிறு துளை வழியாக மட்டுமே திறக்கும். மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு அந்தப் பூவைக் கவ்விப் பிடித்து உடலை அதிரச் செய்கையில், மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது, காய்ப்பும் கூடுகிறது. பெட்டியில் வளரும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது.

இந்தியாவில் இப்பூச்சிகளைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் இல்லை. தேனீ வளர்ப்பு, பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாடு, மரம் வளர்ப்பு என்ற மூன்று துறைகளில் கொள்கை சிதறிக் கிடக்கிறது.

முதலாவதற்கு ஆதரவு அதிகம். 2020-21இல் 500 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் தொடங்கியது. மகரந்தச் சேர்க்கையால் விளைச்சலைப் பெருக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆயினும் அது எட்டுவது பெட்டித் தேனீயைத்தான். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் பரவி, தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை அழித்தது. ஓர் இனத்தை மட்டும் நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது துறையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் மருந்துப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் அச்சிடப்படுகின்றன. அந்த நிறங்கள் பாலூட்டிகளுக்கு ஏற்படும் நச்சின் அளவைக் காட்டுபவை. தேனீக்கு நேரும் கேட்டை அவை சொல்வதில்லை. தயாமீத்தாக்சாம் என்ற பூச்சிக்கொல்லியின் புட்டியில் இருப்பது நீல முக்கோணம். தேனீக்கோ அம்மருந்து கொடிய நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அம்மருந்தையும் இமிடாகுளோப்ரிட், குளோதயானிடின் ஆகியவற்றையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தியாவில் மருந்தைப் பதிவு செய்யும் அதிகாரம் மத்திய அமைப்பிடம் உள்ளது. அதனால், தற்கொலைகளைத் தடுக்க 2023இல் ஆறு மருந்துகளுக்குத் தடை விதித்த தமிழ்நாடு அரசால் அதை 60 நாட்களுக்கு மட்டுமே விதிக்க முடிந்தது.

தெளிக்கும் நேரத்துக்கும் பொது விதி போதாது. பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடுவதால், அங்கே மாலையில் மருந்தடிப்பது நல்லது. பீர்க்கு மாலையில்தான் பூக்கிறது. ஆகவே பயிர்வாரியாகப் பூக்கும் நேரத்தைக் குறித்த பரிந்துரை வேண்டும்.

மூன்றாவது, மரம் வளர்ப்பும் அதோடு சேர்ந்த வாழிடமும். காட்டுத் தேனீக்களில் பல இனங்கள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. வரப்பைச் செதுக்கிக் களைக்கொல்லி அடித்தால் கூடும் போகும், இரையும் போகும். வரப்போர மரத் திட்டங்களில் தேக்கோடு புங்கன், நாவல், இலுப்பை, வேம்பும் இடம்பெற வேண்டும். ஏரிக்கரை, கோயில் நந்தவனம், கிரிவலப் பாதையோரம் ஆகியவை ஆண்டு முழுதும் பூ தரும் இடங்களாகலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை; வேளாண்மை, வனம், அறநிலையத் துறைகள் கலந்து செயல்பட்டால் போதும்.

எனவே, மருந்துப் புட்டியில் தேனீக்கெனத் தனி எச்சரிக்கைக் குறி, பயிர்வாரித் தெளிப்பு அட்டவணை, பூக்கும் வரப்புக்கு மானியம் ஆகிய மூன்றையும் நாம் விவாதித்துத் தெளிவான தீர்மானங்களாக அரசின் முன் வைக்க வேண்டும்.