வண்டிக்கு அடியில அரை மணி நேரம்: பிக்கப் வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு

போன மாசம் ஒரு லிசனர் கேட்டிருந்தாங்க: "ஊர்ல அப்பா பிக்கப் ஓட்டுறார். வண்டி கிளம்பும்போது அடியில 'டங்'னு ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி நாங்களே ஏதாவது பார்க்க முடியுமா?" முடியும். இன்னைக்கு எபிசோட் முழுக்க அதுதான்.

நானும் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஐடிக்கு வந்த கூட்டத்துல ஒருத்தன். ஆனா எங்க மாமா நாகப்பட்டினத்துல பிக்கப் வச்சு மீன் லோடு ஏத்துறார். வண்டி ஒரு நாள் நின்னா அன்னைக்கு வருமானம் இல்லை. நடுவழியில நின்னா ஐஸ் உருகி லோடும் போயிடும். அதனால ஊருக்குப் போறப்போ எல்லாம் அவரோட வண்டிக்கு அடியில படுக்கிறது எனக்குப் பழக்கம்.

அந்த நீளமான குழாய் என்ன பண்ணுது?

பொலேரோ பிக்கப், டாடா ஏஸ் மாதிரி வண்டிகள்ல இன்ஜின் முன்னாடி, இழுக்கிறது பின் சக்கரம். நடுவுல சக்தியைக் கடத்துறதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். பள்ளத்துல இறங்கும்போது பின் ஆக்ஸில் மேலயும் கீழயும் ஆடும், ஷாஃப்ட்டோட கோணம் மாறிட்டே இருக்கும். வளைஞ்சாலும் சுத்தணும் இல்லையா? அதுக்காக முனையில ஒரு சிலுவை வடிவ ஜாயிண்ட் இருக்கும். மெக்கானிக் பாஷையில 'கிராஸ்'. அதோட நாலு கையிலயும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள்ள ஊசி மாதிரி மெல்லிசான பேரிங் உருளைகள்.

மெக்கானிக்கல்காரங்களுக்கு இது ஞாபகம் வரும். நீங்க படிச்ச 'ஹூக்ஸ் ஜாயிண்ட்' இதுதான். ஸ்பிரிங் விதி சொன்ன அதே ராபர்ட் ஹூக். ஒரு ஜாயிண்ட் வளைஞ்ச நிலையில சுத்தினா, வெளிய வர்ற வேகம் சீரா இருக்காது. 20 டிகிரி கோணம்னு வைங்க. உள்ளே 1000 ஆர்பிஎம் சீரா போனா, வெளியே சுமார் 940-க்கும் 1064-க்கும் நடுவுல ஏறி இறங்கும், அதுவும் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை. இதைச் சரிகட்டத்தான் ஷாஃப்ட்டோட அடுத்த முனையில இன்னொரு கிராஸ். ரெண்டும் சரியான நிலையில மாட்டியிருந்தா ஒண்ணோட ஏற்ற இறக்கத்தை இன்னொண்ணு ஈடுகட்டிடும். ஷாஃப்ட்டைக் கழட்டுறவங்க முதல்ல பெயிண்ட்ல அடையாளம் போடுறது இதுக்காகத்தான். மாத்தி மாட்டினா வண்டி அதிரும்.

சத்தம் சொல்ற சேதி

மாமா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். ஜன்னலை இறக்கிட்டு, நீளமான மதில் சுவர் ஓரமா மெதுவா ஓட்டு. அடியில வர்ற சத்தம் சுவர்ல பட்டு நம்ம காதுக்கே திரும்பும்.

மெதுவாப் போறப்போ குருவி கத்துற மாதிரி 'கீச் கீச்', வேகம் கூடக்கூட அதுவும் வேகமானா, கிராஸ் கிரீஸ் இல்லாம காய்ஞ்சிருக்கலாம். கியர் போட்டு கிளட்ச் விடும்போது, இல்ல ரிவர்ஸ்ல இருந்து ஃபர்ஸ்ட் போடும்போது 'டங்'னா, எங்கேயோ ஆட்டம் இருக்கு. குறிப்பிட்ட வேகத்துல சீட்டே அதிர்ந்தா ஷாஃப்ட் பேலன்ஸ், நடு பேரிங் ரெண்டையும் பார்க்கணும்.

இதைத் தள்ளிப் போடாதீங்க. கிராஸ் உடைஞ்சு ஷாஃப்ட்டோட முன் முனை ஓட்டத்துல கீழே விழுந்தா, ரோட்ல குத்தி வண்டியையே தூக்கிடலாம். பக்கத்துல போற பிரேக் பைப்பையும் அடிச்சு உடைக்கலாம்.

படுக்கிறதுக்கு முன்னாடி

இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. சமதளமான கெட்டித் தரை. ஹேண்ட் பிரேக். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. சாவி உங்க பாக்கெட்ல, வண்டியில இல்லை. ஓடி வந்த வண்டின்னா சைலன்சர் ஆறட்டும்.

ஜாக்கியை நம்பி அடியில போகவே கூடாது. ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை. 'கியர்ல போட்டிருக்கேன்'ங்கிறதும் போதாது. பின் சக்கரம் ஒண்ணைத் தூக்கிட்டா, டிப்ரன்ஷியல் வழியா அந்தச் சக்கரம் தனியா சுத்தும், தரையில இருக்கிறது உருளும். கியர் பிடிக்காது.

நல்ல விஷயம், பிக்கப் உயரமான வண்டி. கிரீஸ் அடிக்கத் தூக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. நிப்பிள் மேல் பக்கம் திரும்பியிருந்தா என்ன பண்றது? வெளியே வாங்க, கட்டையை எடுத்து, நியூட்ரல்ல ரெண்டு பேரா வண்டியைக் கொஞ்சம் தள்ளுங்க. சக்கரம் ஒரு சுற்று வர்றதுக்குள்ள ஷாஃப்ட் நாலு சுற்று அளவுக்குச் சுத்திடும். அதனால ஷாஃப்ட் கால் சுற்று திரும்ப, வண்டி அரை அடி நகர்ந்தாலே போதும். திரும்பவும் பிரேக், கட்டை, அப்புறம்தான் அடியில.

கிரீஸ் அடிக்கிற முறை

முதல்ல ஷாஃப்ட்டைக் கையால பிடிச்சு முறுக்கிப் பாருங்க, மேலயும் கீழயும் தள்ளிப் பாருங்க. கிண்ணத்துக்கும் கிராஸுக்கும் நடுவுல ஆட்டம் தெரிஞ்சாலோ, செங்கல் பொடி மாதிரி துரு உதிர்ந்தாலோ, கிரீஸ் காப்பாத்தாது. கிராஸ் மாத்தணும்.

ஆட்டம் இல்லைன்னா, நிப்பிளைத் துணியால நல்லாத் துடைங்க. மேல இருக்கிற மண்ணு கிரீஸோட உள்ளே போனா ஊசி பேரிங்கை அரைச்சுடும். கிரீஸ் கன்னை நேராப் பொருத்தி மெதுவா அழுத்துங்க. பழைய கிரீஸ் நாலு கிண்ணத்து ஓரத்துலயும் எட்டிப் பார்க்கணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா, ஷாஃப்ட்டை லேசா அசைச்சு இன்னும் ரெண்டு தடவை அழுத்துங்க. அப்பவும் வரலைன்னா அந்தக் கை காய்ஞ்சே ஓடுதுன்னு அர்த்தம், மெக்கானிக்கிட்ட சொல்லுங்க. வெளியே வந்ததைத் துடைச்சு எடுத்துடுங்க, இல்லைன்னா தூசி ஒட்டும்.

ஷாஃப்ட் நீளம் கூடிக் குறைய ஒரு ஸ்லிப் ஜாயிண்ட் இருக்கும். அதுல நிப்பிள் இருந்தா அளவா அடிங்க. பட்டைக் கட்டோட ஷேக்கிள்ல நிப்பிள் இருந்தா அதுக்கும். சில வண்டிகள்ல கிராஸ் சீல் பண்ணி வரும், நிப்பிளே இருக்காது. அதைத் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க.

எந்த கிரீஸ்? மேனுவல் சொல்றதுதான் இறுதி. பொதுவா லித்தியம் ஈபி வகை, என்எல்ஜிஐ 2 கிரேடு. வேற வேற வகையைக் கலக்காதீங்க. சிலது ஒண்ணோட ஒண்ணு சேராம இளகி ஓடிடும்.

தண்ணியும் உப்பும்

மீன் வண்டிக்குப் பெரிய எதிரி ரோடு இல்லை, ஐஸ் உருகி ஒழுகுற உப்புத் தண்ணி. மாமா லோடு இறக்கின அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணி விட்டு சேஸிஸைக் கழுவிடுவார். சேஸிஸ் உள்பக்கம் அடைஞ்சிருக்கிற சேறைக் குச்சியால நோண்டி எடுக்கணும். அது ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டே துருவை வளர்க்கும். பிரஷர் வாஷ் அடிச்சா சீல் பக்கம் கிட்டப் பிடிக்காதீங்க. கழுவி முடிச்ச பிறகு கிரீஸ் அடிங்க, உள்ளே போன தண்ணியும் வெளியே வந்துடும்.

வாட்டர் சர்வீஸ்ல அடியில டீசல், பழைய ஆயில் ஸ்ப்ரே அடிச்சு விடுவாங்க. பளபளன்னு இருக்கும். ஆனா ரப்பர் புஷ் ஊறி வீணாகும், தூசியும் ஒட்டும். துரு பிடிச்ச இடத்தை வயர் பிரஷ்ல தேய்ச்சு, பிரைமர், பெயிண்ட் அடிக்கிறதுதான் நிலைக்கும். பிரேக் பைப்புல துரு செதிலாக் கிளம்பியிருந்தா மட்டும் கை வைக்காம, நேரா மெக்கானிக்.

நவம்பர் மழையில முழங்கால் தண்ணியில ஓட்டினீங்கன்னா டிப்ரன்ஷியல் ஆயிலைப் பாருங்க. சூடான ஆக்ஸில் திடீர்னு குளிர்ந்தா உள்ளே காத்து சுருங்கும். மேல இருக்கிற பிரீதர் அடைச்சிருந்தா, சீல் வழியா தண்ணியை இழுக்கும். ஆயில் பால் டீ நிறத்துல வந்தா உடனே மாத்தணும்.

எங்கே நிறுத்தணும்

கிராஸ் மாத்துறது, ஷாஃப்ட் பேலன்ஸ், யூ போல்ட் டைட் பண்றது எல்லாம் மெக்கானிக் வேலை. அவருக்குத்தான் கருவியும் கைப்பழக்கமும் இருக்கு. நம்ம வேலை பார்க்கிறது, துடைக்கிறது, கிரீஸ் அடிக்கிறது. கன்னும் கிரீஸும் சில நூறு ரூபாய்ல முடியும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு மேனுவல்ல இருக்கும். உப்புலயும் சேறுலயும் ஓடுற வண்டிக்கு அதைவிடச் சீக்கிரமே செய்யுங்க. அடிச்ச தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டுல எழுதுங்க. எங்க மாமா டிரைவர் கதவு உள்பக்கமே மார்க்கர்ல எழுதுவார்.

அந்த லிசனருக்கு ஒரே ஒரு வார்த்தை. 'டங்' சத்தம் ஏற்கெனவே கேட்குதுன்னா, இந்த வாரமே முறுக்கிப் பாருங்க. ஆட்டம் இருந்தா அடுத்த லோடு ஏத்த விடாதீங்க. அப்பா "இன்னும் ஒரு டிரிப்"னுதான் சொல்வார். நீங்க விடாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பத்திரமா ஓட்டுங்க.