இன்று ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு?

(பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நம் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பேச்சு என்றால் ஒரு குறளைச் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். இன்று அதை விட்டுவிட்டு ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் என்ன சாப்பாடு? சிரிக்கிறீர்கள். பின்வரிசையில் ஓர் அக்கா, "இனிமே போய்த்தான் பாக்கணும் டீச்சர்" என்கிறார். அந்தப் பதிலைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

"மாணவர் கல்வியில் பெற்றோரின் பங்கு" என்ற தலைப்பைத்தான் தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்தார். இவள் என்ன அடுப்படிப் பக்கம் போகிறாளே என்று அவர் நினைக்கக் கூடும். தலைப்பை விட்டு நான் விலகவில்லை ஐயா. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். காலையில் வந்ததும், "நேற்று இரவு நான் சாப்பிட்டது" என்று மூன்று வரி எழுத வேண்டும். வாக்கியம் அமைக்கப் பழகட்டுமே என்றுதான் கொடுத்தேன். எழுதி வந்ததைப் படித்தபோது எனக்கே வாய் ஊறியது. "சோறு, பருப்புக் கறி, நெத்திலி சம்பல். அம்மா அப்பளம் பொரித்தார்." "சாடின் பெரட்டலும் ரொட்டியும்." "சோறு, பொரிச்ச முட்டை, கிச்சாப்." இந்த முட்டையும் கிச்சாப்பும் அநேகமாக எல்லா நோட்டிலும் ஒரு நாளாவது வந்தது. "அப்பா ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்தார்." "மேகி மீ. நானே போட்டேன்." ஒருத்தி, கெம்போங் மீன் கறியில் அவள் பாட்டி மாங்காய் போட்டதை மூன்று வரியில் அடக்க முடியாமல் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். ஏழெட்டு எழுத்துப் பிழை. இருந்தாலும் சிவப்புப் பேனாவை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நோட்டில் மட்டும், "தம்பிக்குப் பால் கலக்கிக் கொடுத்தேன். நானும் குடிச்சேன்" என்று இருந்தது. அதே நோட்டில் வியாழக்கிழமை: "ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா வர நேரம் ஆச்சு. தூங்கிட்டேன்."

அந்தப் பிள்ளை யார் என்று சொல்லப் போவதில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அது அரிசி இல்லாத வீடு இல்லை. விசாரித்துப் பார்த்தேன். அரிசி இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, ஐஸ்பெட்டியில் மீனும் இருக்கிறது. தாயாருக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்டு. பஸ் கொண்டுவந்து இறக்கிவிடும்போது மணி பதினொன்று. தகப்பனாருக்கு இரவு செக்குரிட்டி வேலை. பிள்ளை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கிப் போகிறது. தாயார் வந்து தூக்கிப் பாயில் போடுகிறார். தூங்குகிற பிள்ளையை எழுப்பிச் சோறு ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நான் கணக்குப் பாடமும் நடத்துகிறவள். ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். பள்ளி விட்டு வந்து மதியம் 1.30க்கு அந்தப் பிள்ளை சாப்பிட்டது. ராத்திரி ஒன்றுமில்லை. விடிந்ததும் பசியாறாமல் ஓடி வருகிறது. ஓய்வு நேரம் காலை 10.00 மணிக்கு. நடுவிலே 20 மணி நேரம் 30 நிமிடம். வளர்கிற பிள்ளை! முதல் பாடம் முடிவதற்குள் இரண்டு தடவை, "டீச்சர், மணி எத்தனை?" என்று கேட்கிற பிள்ளைகள் உண்டு. படிப்பில் அக்கறை இல்லை என்று நாம் நினைக்கிறோம். அது கடிகாரத்தைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் பின்னக் கணக்கை நான் எவ்வளவு அழகாக நடத்தி என்ன பயன்?

இதனால்தான் கல்வியில் பெற்றோரின் பங்கு என்றதும் எனக்கு டியூஷனும் பயிற்சிப் புத்தகமும் நினைவுக்கு வரவில்லை.

நம் ஜனங்களுக்கு ராத்திரிச் சோறு என்றைக்குமே சுலபமாகக் கிடைத்ததில்லை. போருக்கு முன் மலாயாவுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. சப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அது அற்றுப் போனது. லயத்து வீடுகளில் ராத்திரிக்கு மரவள்ளிக்கிழங்கு. மறுநாளும் அதே கிழங்கு. என் பாட்டி கடைசி வரைக்கும் அவித்த மரவள்ளியைக் கையால் தொடமாட்டார். "அத நீங்க தின்னுங்க, நா என் பங்கத் தின்னு முடிச்சிட்டேன்" என்பார்.

அதற்குப் பிறகு அவசரகாலம், 1948 முதல் 1960 வரை. காட்டிலே இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதனை செய்தார்கள். டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வைத்திருந்து யாருக்கும் கொடுக்க முடியாதபடி அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டுமாம். 1950களின் நடுவில் சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை. பொதுச் சமையலறையில் ஆக்கி, வெந்த சோறாகத்தான் அளந்து கொடுத்தார்கள். சொந்த அடுப்பில் உலை வைக்க முடியாமல் இருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். இது நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கதை கதையாக வரும்.

அந்தக் காலத்திலும்கூடப் பிள்ளை தனியாகச் சாப்பிடவில்லை. பால்மர வேலை விடியுமுன் பெரட்டில் தொடங்கும், பிற்பகலோடு முடிந்துவிடும். பொழுது சாய்வதற்குள் விறகடுப்பில் ஒரு கறி கொதிக்கும். ஒரு வீட்டில் தாய் வரத் தாமதம் என்றால் பக்கத்து வீட்டில் இன்னொரு தட்டு வைப்பார்கள். லயத்தில் நடுச்சுவர் பாதிக்குமேல் பலகைதானே? பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தை விட்டுப் பலரும் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். கல் சுவர், இரும்புக் கதவு. பிள்ளை பசித்துத் தூங்கினாலும் அடுத்த வீட்டுக்குத் தெரியாது.

மேடை ஏறுகிறவர்கள் சிலர், "இந்தக் காலத்துப் பெண்கள் சமைப்பதில்லை, கடையில் வாங்குகிறார்கள்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்துவிட்டு வருகிற பெண், சந்தியில் ரொட்டி சானாய் வாங்கினால் அது சோம்பேறித்தனம் இல்லை. வீட்டிலுள்ள மற்றவர்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் நான் கேட்பேன். விலைவாசியும் நமக்குத் தெரிந்ததுதான். 2023 செப்டம்பரில் உள்ளூர் வெள்ளை அரிசி கடையில் கிடைக்காமல் நாம் அலைந்தோமே! அதே ஆண்டு நவம்பரில் கோழிக்கான அரசாங்க உதவித்தொகையும் நின்றது. கோழி பெரட்டல் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆகிவிட்ட வீடுகள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது சில காரியங்களை வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தப் பொட்டல மீ. பிள்ளை தானே போட்டுச் சாப்பிடுவதில் நமக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது. பொட்டலத்தின் முதுகைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். சோடியம் 1,000 மில்லிகிராமைத் தாண்டும் பொட்டலங்கள் பல உண்டு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2,000க்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடியோடு நிறுத்துங்கள் என்றால் நடக்கிற காரியமா? நடக்காது. தூளைப் பாதி போடச் சொல்லுங்கள். ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேரட்டும். வாரத்தில் ஒரு நாள் என்று ஆகட்டும்.

அடுத்தது சீனி. சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகத் தெரிய வந்தது. இந்தியர்களிடம் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! இந்த மண்டபத்தில் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள், புரியும். ராத்திரிச் சோற்றோடு பால்டின் ஊற்றிய தேத்தண்ணியும் கலர்த் தண்ணியும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. அதே கீரையோடு கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். ராத்திரிக்குத் தண்ணீர் போதும்.

பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு அளவுத் தட்டுப் படம் காட்டுவார்கள். தட்டில் பாதி காய்கறி பழம், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. இதைப் போன கூட்டத்தில் சொன்னபோது ஓர் அண்ணன், "கால் பங்கு சோத்துல எப்படி டீச்சர் காண்டாவைத் தூக்குறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. செம்பனைக் குலை சுமக்கிறவருக்கு ஒரு தட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தட்டு. பிள்ளையின் தட்டில் மட்டுமாவது இன்னொரு கரண்டி சோற்றுக்குப் பதில் ஒரு கரண்டி கீரை விழட்டும்.

கீரைக்குக் காசு வேண்டுமா என்ன? வேலியோரம் முருங்கை நிற்கிறது. சாயூர் மானிஸ் குச்சியை ஊன்றினால் வரும். மரவள்ளி இலையை நம்மவர்களும் சமைப்பார்கள், பக்கத்துக் கம்போங்கிலும் சமைப்பார்கள். அதை நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், அரைகுறையாகச் சாப்பிட்டால் நஞ்சு. மீன் விலை ஏறினால் தெம்பே இருக்கிறது. சோயா அவரையில் செய்வது, ஜாவாக்காரர்கள் கொண்டுவந்தது. சின்னச் சின்னதாக வெட்டி நெத்திலியோடு சம்பல் போட்டால் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் தடவை கேட்கிறார்கள். உணவுப் பெட்டியில் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மாலை ஷிப்டுக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு யோசனை. மதியமே சமைத்து வைத்துவிட்டுப் போகும்போது தேங்காய்ப்பால் கறி வேண்டாம், நம் வெயிலுக்குச் சீக்கிரம் கெட்டுப் போகும். கறி எதுவானாலும் ஆறியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள், வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். சோறு குக்கரில் சூட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் பெரியவர் யாரும் இல்லாதபோது சின்னப் பிள்ளை கேஸ் அடுப்பைத் தொடக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஏழரை மணிக்கு அந்தப் பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு வாய் வேண்டும். தாயார் வேலையில் இருந்தால் தகப்பனார் கேட்கட்டும். இருவரும் வேலை என்றால் பக்கத்து வீட்டு அக்கா கேட்கட்டும். உங்கள் மாடியில், உங்கள் வரிசையில் ஒரு பிள்ளை தனியாக இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். ஒரு தட்டுச் சோறு நம்மில் யாருக்கும் பாரமில்லை. பிள்ளையைப் பெற்றவர்களும், "அடுத்த வீட்டில் தின்கிறதா?" என்று கௌரவம் பார்க்க வேண்டாம்.

தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை முதல், பள்ளி முடிந்ததும், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச் சாலையில் சோறு ஆக்கவும் பருப்பு வேகவைக்கவும் கீரை ஆயவும் சொல்லிக் கொடுக்கப் போகிறோம். ஆண் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். "பையனுக்கு எதுக்கு டீச்சர் இதெல்லாம்?" என்று கேட்க நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகப் பார்க்கலாம். மேற்பார்வைக்குப் பெரியவர்கள் வேண்டும். தாய்மாரைக் கூப்பிடவில்லை, அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். அப்பாமார் மூன்று பேர் பெயர் கொடுத்தால் போதும். கையெழுத்துப் போட வாசலருகே மேசையில் தாள் வைத்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ஒரு பால்டின் அரிசியும் ஒரு வெங்காயமும் கொடுத்தனுப்புங்கள். பருப்பும் பாத்திரமும் பள்ளியில் இருக்கின்றன.