புள்ளியும் கண்ணாடியும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்தார். அப்புள்ளியை அறுபது வயதுக்குமேல் கணினித் திரையில் காண்பது எளிதன்று. கிள்ளானில் ஒரு மலருக்கு மெய்ப்புப் பார்க்கையில், 'பல் மருத்துவர்' என்பது 'பல மருத்துவர்' என நின்றதை நாம் இருமுறை படித்தும் விட்டுவிட்டோம். முனைவர் பட்டம் அங்கே துணைக்கு வரவில்லை.

நாற்பதைக் கடந்தபின் கண்வில்லையின் நெகிழ்ச்சி குன்றுகிறது. படிக்கும் கண்ணாடி ஏறத்தாழ 40 செ.மீ. தொலைவுக்கு உரியது, திரையோ 60 செ.மீ. அளவில் நிற்கிறது. புரோகிரெசிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே அதைக் காணத் தாடையை உயர்த்துகிறோம், கழுத்து நோகிறது. பிரிக்பீல்ட்சில் கண் பரிசோதனைக்குச் சென்றபோது, திரைக்குள்ள தொலைவை வீட்டிலேயே அளந்து சென்று கூறினோம். கணினிக்கெனத் தனிக் கண்ணாடி அமைந்தது, நோவும் தணிந்தது.

இனி விரல்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் ஒலிவழி முறையில் ண, ள, ற ஆகியவற்றுக்குச் சுண்டுவிரல் ஷிப்ட் விசையை நாடவேண்டும். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 முறையில் அந்த உழைப்பு இல்லை. உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ எனத் தட்டினால் 'அம்மா' வரும். இடைப்புள்ளியைக் கணினியே இடும். ஆயினும் 'பல்' என்பதன் ஈற்றுப்புள்ளியை நாமே இடவேண்டும். அதற்காகவே திரையெழுத்தைப் பெரிதாக்கி வைத்துள்ளோம்.