கருவி எதைக் கேட்காது?

ஒரு நிறுவனத்தைப் பற்றி இணையத்தில் யார் என்ன பேசினாலும் அதைத் திரட்டித் தருகிறோம் என்று சொல்லும் மென்பொருள்கள் இன்று ஏராளம். ஹூட்சூட், பிராண்ட்வாட்ச், மெல்ட்வாட்டர், ஸ்பிரிங்க்ளர் என்று வெளிநாட்டுப் பெயர்கள் வரிசையாக வரும். நம் ஊரிலிருந்து ஸோஹோ சோஷியல் உண்டு. விற்க வருகிறவர் லேப்டாப்பைத் திறந்து முதலில் காட்டுவது டேஷ்போர்டைத்தான். உங்கள் கடையை இந்த மாதம் எத்தனை பேர் குறிப்பிட்டார்கள், அதில் பாராட்டு எவ்வளவு, குறை எவ்வளவு, போட்டிக்காரரைப் பற்றி என்ன பேச்சு என்று பச்சையும் சிவப்புமாக வட்டங்கள் சுழலும். பார்க்கிறவருக்கு ஊர் முழுவதும் தன் காதுக்குள் வந்துவிட்டதாகவே தோன்றும். இந்த இடத்தில்தான் நான் குறுக்கிட விரும்புகிறேன். ஒரு கண்காணிப்புக் கருவி என்னவெல்லாம் கேட்கிறது என்பதை விற்பவர் தாமாகவே சொல்லிவிடுவார். அது எதைக் கேட்காது என்பதை வாங்குகிறவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்: கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதன் காதுக்கு எட்டாத இடங்களை வைத்து.

முதலில் ஒரு அடிப்படை. இந்தக் கருவிகள் எதுவும் தானாக ஃபேஸ்புக்குக்குள்ளோ இன்ஸ்டாகிராமுக்குள்ளோ நுழைந்துவிட முடியாது. அந்தந்தத் தளம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறதோ அதன் வழியாக வருவது மட்டும்தான் கருவிக்குக் கிடைக்கும். கதவின் அகலத்தைத் தீர்மானிப்பது தளத்தின் முதலாளி. 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்த பிறகு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வெளியாருக்குத் தரும் தகவலைக் கடுமையாகக் குறுக்கிவிட்டன. இன்ஸ்டாகிராமில் ஒரு வணிகக் கணக்கு அதிகாரபூர்வ வழியில் 7 நாளைக்கு 30 ஹேஷ்டேக்குகளைத்தான் தேட முடியும். ட்விட்டர் கைமாறி எக்ஸ் ஆன 2023ஆம் ஆண்டில் அங்கே இலவச வழி பெரும்பாலும் அடைபட்டது. பெரிய நிறுவனங்களுக்கான கட்டணம் மாதத்துக்கு 42,000 டாலரிலிருந்து தொடங்குவதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ரெட்டிட்டும் கட்டணம் விதித்தது. செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் ஃபேஸ்புக் பதிவுகளைப் பின்தொடர நம்பியிருந்த கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, அதை விலைக்கு வாங்கிய, ஃபேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனமே 2024 ஆகஸ்டு 14 அன்று மூடிவிட்டது. ஆகவே சென்ற ஆண்டு நன்றாக வேலை செய்த கருவி இந்த ஆண்டு பாதிச் செவிடாகிப் போயிருக்கலாம். டேஷ்போர்டில் வட்டம் அதே அழகோடுதான் சுழன்றுகொண்டிருக்கும்.

திறக்கவே முடியாத கதவு இன்னொன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போகும் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டவை. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க இயலாது. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர் கெடுவதும் ஒரு மசாலாப் பொடியின் பெயர் ஓங்குவதும் பெரும்பாலும் குடியிருப்போர் குழுவிலும் சொந்தக்காரர் குழுவிலும்தான். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பேச்சு எந்தக் கருவிக்கும் கேட்காது, கேட்கவும் கூடாது. யூடியூபிலும் ஒரு சிக்கல். சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றி வீடியோ எடுப்பவர் இலையின் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்வதைத்தான் லட்சம் பேர் கேட்கிறார்கள். பல கருவிகளோ வீடியோவின் தலைப்பையும் விளக்கக் குறிப்பையும் கீழே வரும் கமெண்டுகளையும் மட்டும் படிக்கின்றன. சாம்பார் புளித்துப்போயிருந்தது என்று அவர் சொன்னது பதிவாகாது; சூப்பர் ப்ரோ என்ற கமெண்டு பாராட்டுக் கணக்கில் ஏறிவிடும்.

இனி மொழிக்கு வருவோம். விற்பவரின் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் என்று இருக்கும், தமிழும் அதில் இருக்கும். அமுதா மெஸ் என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் எழுதும்போது, நேத்து அமுதால சாப்பிட்டோம் என்பார். அமுதாவுக்குப் போகாதீங்க என்பார். அமுதா மெஸ்ஸுல பார்சல் லேட்டு என்பார். வேற்றுமை உருபு ஒட்டியதும் சொல்லின் வால் மாறிவிடுகிறது. அமுதா மெஸ் என்ற பெயரை அப்படியே தேடும் கருவிக்கு இவை எல்லாம் வேறு வேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களோ, த என்ற ஒரு எழுத்துக்காக d போடுவார் ஒருவர், dh போடுவார் இன்னொருவர், th போடுவார் மூன்றாமவர். இவற்றை எல்லாம் சேர்த்துத் தேடச் சொன்னால், தமிழ்நாட்டில் அமுதா என்று பெயருள்ள பெண்களின் பிறந்தநாள் வாழ்த்துகள் அத்தனையும் கடையின் கணக்கில் வந்து குவியும். வலை வாங்குகிற மீனவர் கண்ணியின் அளவை விரலால் அளந்து பார்த்துத்தான் வாங்குவார். இங்கே அந்த அளவு, தேடு சொல்லை எப்படியெல்லாம் அமைக்க விடுகிறார்கள் என்பது: மெஸ், பார்சல், பிரியாணி போன்ற சொல் பக்கத்தில் இருந்தால் மட்டும் எடு, பிறந்தநாள் என்று இருந்தால் விடு, ஊர்ப்பெயரோடு சேர்ந்து வந்தால் முதலில் காட்டு என்றெல்லாம் நிபந்தனை போட இடம் இருக்கிறதா என்பது. வட்டங்களின் நிறத்தைவிட இது ஆயிரம் மடங்கு முக்கியம். விற்பனை விளக்கத்தில் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள்.

அடுத்தது, பேச்சு நல்லதா கெட்டதா என்று தரம் பிரிக்கும் வசதி. செம சர்வீஸ்பா, ஒரு மணி நேரத்துல தண்ணி வந்துருச்சு என்று ஒருவர் எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். கருவி அதைப் பாராட்டு என்று குறித்துக்கொள்ளலாம். இது வெறும் கிண்டலுக்காகச் சொல்வது அல்ல. 2020இல் ஆய்வாளர்கள் யூடியூப் கமெண்டுகளிலிருந்து தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 வாக்கியங்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். தமிழ் தெரிந்த மனிதர்களுக்குள்ளேயே முழு உடன்பாடு ஏற்படவில்லை. அந்தத் தரவை வைத்து அதே ஆண்டு ஃபயர் என்ற ஆய்வரங்கில் நடந்த போட்டியில் கணினி நிரல்கள் மோதின. தமிழில் முதலிடம் பெற்றதன் மதிப்பெண் ஒன்றுக்கு 0.65 அளவில்தான் நின்றது. அதற்கென்றே பயிற்சி பெற்ற நிரல்களின் நிலை அது. எல்லா மொழிக்கும் ஒரே எந்திரம் என்று விற்கப்படும் கருவி, பாராட்டு 72.4 சதவீதம் என்று புள்ளி வைத்துச் சொன்னால், அந்தப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தை நம்பி நாம் என்ன முடிவு எடுக்க முடியும்?

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும், நியாயமான மறுப்புதான். 2020 பழைய கதை. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தங்கிலீஷையும் படிக்கின்றன, கிண்டலையும் ஓரளவு பிடிக்கின்றன என்பார்கள். உண்மை, முன்னேற்றம் பெரியது. ஆனால் எவ்வளவு கெட்டிக்கார மாதிரியும் தன் கைக்கு வந்த பதிவைத்தான் எடைபோட முடியும். வராத பதிவைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தரம் பிரிப்பதை நம்பலாமா என்பதைச் சோதிக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. இலவசச் சோதனைக் காலத்தில் கருவி திரட்டிய 100 பதிவுகளை எடுங்கள். அது போட்ட குறியை மறைத்துவிட்டு, கல்லாவில் இருப்பவர் ஒருவரிடமும் வாடிக்கையாளர் அழைப்புகளை எடுப்பவர் ஒருவரிடமும் தனித்தனியே கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரே மதியத்தில் முடிகிற வேலை. இரண்டு ஊழியர்களும் ஒத்துப்போய் கருவி மட்டும் விலகி நிற்கும் பதிவுகளைப் படித்தாலே, எந்த மாதிரிப் பேச்சில் அது தடுக்கி விழுகிறது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்திடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு, பெரிய நிறுவனங்களின் பக்கமிருந்து. நாளுக்குப் பல்லாயிரம் பதிவுகள் வரும் வங்கியோ விமான நிறுவனமோ ஆளை வைத்துப் படித்துக்கொண்டிருக்க முடியுமா என்பது. முடியாது. அவர்களுக்குக் கருவி தேவை. ஆனால் அவர்களின் வரலாற்றையே பாருங்கள். 2005 ஜூனில் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், தான் வாங்கிய டெல் கணினி படுத்திய பாட்டைத் தன் வலைப்பூவில் எழுதினார். அதே அவதிப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே சேர்ந்தார்கள். டெல் முதலில் பேசாமல் இருந்து பார்த்தது. 2006இல்தான் வலைப்பூக்களில் குறை சொல்பவர்களைத் தேடிப்போய்ப் பதில் சொல்ல ஆட்களை அமர்த்தியது, தனக்கென ஒரு வலைப்பூவும் தொடங்கியது. சுவர் நிறையத் திரைகளோடு கண்காணிப்பு மையம் ஒன்றை அது திறந்தது 2010 டிசம்பரில். நாளுக்கு 22,000க்கு மேற்பட்ட பதிவுகளை அலசுவதாக அப்போது அறிவித்தது. பதில் சொல்லும் ஆட்கள் முன்னால் வந்தார்கள், திரைகள் 4 ஆண்டு கழித்து வந்தன. டோமினோஸ் கதை இதன் மறுபக்கம். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில் கிளை ஊழியர்கள் இருவர் உணவை அசிங்கப்படுத்தி எடுத்த வீடியோ யூடியூபில் பரவியபோது, அது நிறுவனத்தின் காதுக்கு எட்டாமல் போகவில்லை. தகவல் சீக்கிரமே வந்துவிட்டது. தானாக அடங்கிவிடும் என்று காத்திருந்ததில்தான் நேரம் போயிற்று. தலைவர் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டபோது பார்த்தவர் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டிக்கொண்டிருந்தது. அங்கே இல்லாமல் போனது கருவி அல்ல, முடிவெடுக்க அதிகாரம் பெற்ற ஆள்.

நம் ரயில்வேயிலும் இதைப் பார்த்தோம். சுரேஷ் பிரபு அமைச்சராக இருந்த 2014–2017 காலத்தில், ஓடும் ரயிலிலிருந்து ஒருவர் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று ட்வீட் போட்டால் அடுத்த நிலையத்தில் ஊழியர் வந்து நிற்பதைச் செய்தியாகப் படித்தோம். அந்த ட்வீட்டைக் கண்டுபிடித்தது பெரிய வித்தை அல்ல. பயணியே அமைச்சகத்தின் பெயரைக் குறித்துத்தான் போட்டார். அதைச் சம்பந்தப்பட்ட கோட்ட அதிகாரிக்கு அனுப்பி, அவர் நிலையத்துக்கு ஆளை அனுப்பிய ஏற்பாடுதான் வேலை செய்தது. கருவி வாங்கும்போதும் இதையே பார்க்க வேண்டும்: வந்த குறையை மதுரைக் கிளை மேலாளர் பெயருக்கு ஒப்படைக்க முடிகிறதா, அவர் பதில் சொன்னாரா என்று தெரிகிறதா, இரவு 11 மணிக்கு வந்த புகாருக்கு யார் ஃபோனில் மணி அடிக்கும்? அப்படி ஒரு ஆள் உங்களிடம் இல்லை என்றால், இப்போதைக்கு இலவச வசதிகளே போதும். கூகுள் அலர்ட்ஸ் 2003இலிருந்து இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையின் பக்கத்தை உரிமை கோரி எடுத்துக்கொண்டால் புது ரிவ்யூ வந்ததும் தகவல் வரும். ஒற்றைக் கடை வைத்திருப்பவருக்குச் சமூக ஊடகத்தைவிட அந்த ஸ்டார்கள்தான் வியாபாரத்தைத் தீர்மானிக்கின்றன.

சட்டத்தையும் ஒரு வார்த்தை தொட்டுவிடுகிறேன். 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வைத்த தகவலைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. அதனால் எதை வேண்டுமானாலும் சேகரிக்கலாம் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. ஒருவரின் பொதுப்பதிவை அவருடைய ஃபோன் எண்ணோடும் பில்லோடும் இணைத்து வைத்தால், அந்த எண்ணும் பில்லும் அவர் பொதுவெளியில் வைத்தவை அல்ல. குடிமக்களின் பதிவுகளைத் திரட்ட மத்திய அரசு ஒரு மையம் அமைக்க முயன்றபோது உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும், 2018 ஆகஸ்டில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டதும் நினைவிருக்கலாம். குறை சொன்ன பதிவைத் தேடுவது வியாபாரம். குறை சொன்ன ஆளின் பின்னாலேயே போவது வேறு.

கடைசியாக ஒப்பந்தம். கண்காணிப்பு மென்பொருள்களுக்கு ஆயுள் குறைவு. 2006இல் கனடாவில் பிறந்த ரேடியன்6 ஒரு காலத்தில் இத்துறையின் முன்னோடி. 2011இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கியது, பெயர் மாறியது, வேறொன்றோடு கலந்தது, அதன் வாரிசாக நின்ற சோஷியல் ஸ்டூடியோவும் 2024 நவம்பரில் மூடப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பல விலைப்பட்டியலே வெளியிடுவதில்லை. பேசித் தீர்க்கும் விலை என்பதால் முழு ஆண்டுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். முதல் ஆண்டு மாதச் சந்தா போதும், தள்ளுபடி போனால் போகட்டும். எந்தெந்தத் தளத்திலிருந்து எந்த வழியாகத் தகவல் எடுக்கிறீர்கள், அதில் ஒரு தளம் கதவைச் சாத்தினால் எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள், கட்டணம் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை சேர்ந்த பதிவுகளையும் நீங்கள் சொன்ன பதில்களையும் எக்செல்லில் திறக்கிற மாதிரி மொத்தமாக இறக்கிக்கொள்ள முடியுமா என்பதையும், பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.