குழாய்க்குள் காற்றின் அழுத்தம்

பெரிய கட்டடங்களில் ஒரே இயந்திரம் குளிர்வித்த காற்று, கூரைக்கு மேலே ஓடும் தகரக் குழாய்கள் வழியாக அறை அறையாகப் போகிறது. ஓர் அறை சில்லிட்டு, அடுத்த அறை புழுங்கினால் பலரும் இயந்திரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். அதற்கு முன் குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கத் தண்ணீரே போதும் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ரப்பர் குழாயால் தகரத்தில் போட்ட சிறு துளையோடு இணைக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர் இறங்க, மறுபக்கம் ஏறும். இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசமே அழுத்தம். ஓர் அங்குலம் என்றால் சுமார் 249 பாஸ்கல். அமெரிக்க வீடுகளில் பொருத்தும் இயந்திரங்கள் பல, அரை அங்குலத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. நம்மைச் சூழ்ந்த வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறக்குறைய 800-ல் ஒரு பங்கு! இவ்வளவு மெல்லிய தள்ளலில்தான் வீடு முழுக்கக் காற்று ஓடுகிறது.

இயந்திரத்தின் விசிறி உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. தள்ளும் பக்கத்தில் அதிகம். இரண்டையும் அளந்து, கழித்தல் குறியை விட்டுவிட்டுக் கூட்ட வேண்டும். தொகை மிகுந்தால் எங்கோ தடை இருக்கிறது. பல நேரங்களில் அது தூசி படிந்த வடிகட்டிதான்.

காற்றின் வேகம் தெரிய வேண்டுமானால் பிட்டோ குழாய் வேண்டும். 1732-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ, சேன் ஆற்றின் நீரோட்டத்தை அளக்க உருவாக்கியது அது. அதன் வாய் காற்று வரும் திசையை நோக்கியே இருக்க வேண்டும்.

அளந்து முடித்ததும் போட்ட துளைகளை மறக்காமல் அடைத்துவிட வேண்டும்.