துணைவலியும் தோல்வியும்

(நூலக ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



சூழ்ச்சித்திறம் மிக்கவனை ‘அவன் பெரிய எம்டன்’ என்பது நம் நாட்டு வழக்கு. அச்சொல் பிறந்த கதையை இளைஞர் பலர் அறியார். 1914 செப்தம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைக் கரையை நெருங்கி, எண்ணெய்க் கலங்களைக் குண்டெறிந்து எரித்த செருமானியப் போர்க்கப்பலின் பெயர் அது. அவ்வாண்டு நவம்பர் 9இல் அக்கப்பல் அழிந்தது. சரியாக நான்காண்டு கழித்து, 1918 நவம்பர் 9இல், அதனை ஏவிய பேரரசர் வில்லெமின் முடியும் வீழ்ந்தது. நம் கடற்கரை வரை கைநீட்டிய வல்லரசு ஏன் வீழ்ந்தது? அதற்குத் துணைவர் இலரோ? இருந்தனர். ஆத்திரிய–அங்கேரிப் பேரரசும், துருக்கியரின் உதுமானியப் பேரரசும், பல்கேரியாவும் உடன் நின்றன.

செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை ஆகியவற்றோடு துணைவர் வலிமையையும் சீர்தூக்கச் சொன்னார் திருவள்ளுவர். துணைவரை எண்ணிப் பார்ப்பது வேறு. எடைபோட்டுப் பார்ப்பது வேறு. செருமனி எண்ணியது, எடைபோடவில்லை.

முதலாவது, நலன் கருதிச் சேர்ந்தவர் நலன் கருதியே பிரிந்தனர். 1882இல் செருமனியோடும் ஆத்திரியாவோடும் முக்கூட்டணி அமைத்த இத்தாலி, 1914இல் போர் மூண்டதும் நடுநிலை பேசியது. 1915 ஏப்பிரலில் இலண்டனில் எதிரணியோடு கமுக்க உடன்படிக்கை செய்தது. மே 23இல் ஆத்திரியாவின் மேலேயே போர் அறிவித்தது. 1883 முதல் கமுக்கக் கூட்டாளியாயிருந்த உருமேனியாவும் 1916 ஆகசுட்டில் எதிரணி சேர்ந்தது. இரண்டும் முதன்மையாக விரும்பியது, ஆத்திரிய–அங்கேரிப் பேரரசுக்குள் தம் மொழியினர் வாழ்ந்த நிலத்தையே. நண்பன் வீட்டுக்குள் தன் பொருள் இருக்கிறதென்று எண்ணுபவன் எத்தனை நாள் நண்பனாயிருப்பான்?

இரண்டாவது, ஒரே போருக்குள் இரு போர்கள் நடந்தன. 1914இல் செருமனி தன் எட்டுப் படைகளுள் ஏழனை மேற்கே அனுப்பிவிட்டு, உருசியாவை ஆத்திரியா தாங்கும் என நம்பியது. ஆத்திரியப் படைத்தலைவர் கான்ராதோ தம் படையில் ஒரு பகுதியை முதலில் செருபியாவின்மேல் ஏவினார். 1916இல் வெர்தன் கோட்டையைத் தாக்கப்போவதைச் செருமானியத் தலைவர் கான்ராதிடம் சொல்லவில்லை. கான்ராதும் கிழக்கு முனையிலிருந்து படைகளைப் பெயர்த்து இத்தாலியைத் தாக்கினார். மெலிந்த அம்முனையை அவ்வாண்டு சூன் திங்களில் உருசியத் தலைவர் புருசிலோவு உடைத்தெறிந்தார்.

மூன்றாவது, வலியவன் முடிவெடுக்க, மெலியவன் சுமந்தான். 1917 பிப்ரவரியில் செருமனி வரம்பற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. ஆத்திரியா தயங்கித்தான் இசைந்தது. ஏப்பிரல் 6இல் அமெரிக்கா செருமனிமேல் போர் அறிவித்தது. போரினின்று விலக விரும்பிய ஆத்திரியப் பேரரசர் கார்ல், தம் மனைவியின் உடன்பிறந்தார் வழியாகப் பிரான்சுக்குக் கமுக்க மடல் விடுத்தார். 1918 ஏப்பிரலில் பிரான்சு அதனை வெளியிட்டது. நாணிக் குனிந்த கார்ல், செருமனியோடு முன்னினும் இறுகப் பிணைக்கப்பட்டார்.

நான்காவது, வெற்றி கைக்கு வருமுன்னே பங்குப் பூசல் வந்தது. 1918 செப்தம்பர் 15இல் துருக்கிப் படை எண்ணெய் வளம் மிக்க பாகூ நகரைப் பிடித்தது. செருமனி அதனை விரும்பவில்லை. அதே நாளில் மாசிடோனிய முனையில் எதிரணி பல்கேரியரைத் தாக்கியது. செப்தம்பர் 29இல் பல்கேரியா, அக்தோபர் 30இல் துருக்கி, நவம்பர் 3இல் ஆத்திரிய–அங்கேரி, நவம்பர் 11இல் செருமனி எனப் போர்நிறுத்தத்தில் ஒவ்வொன்றாய்க் கையெழுத்திட்டன. 43 நாளில் எல்லாம் முடிந்தது.

படைக்கலக் குறைவும், கடல் முற்றுகையால் வந்த பசியும் கரணியங்களே, மறுக்கவில்லை. எதிரணியும் பூசலற்றதன்று. ஆயினும் 1918 இளவேனிலில் அழிவு நெருங்கியபோது, அது பெருமை பாராது போசு என்னும் ஒரே படைத்தலைவரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. வேறுபாடு அங்கேதான்.

இனி, மொழியாசிரியன் என்னும் முறையில் ஒன்று சொல்வேன். ஆத்திரிய–அங்கேரிப் பேரரசே ஒரு கூட்டணிதான். மக்களின் இசைவு கேளாது கட்டிய கூட்டணி. செருமானியரும் அங்கேரியரும் சேர்ந்தும் மக்கள்தொகையில் பாதிக்குக் குறைவு. ஆட்சியோ அவ்விருவர் கையில். படையில் ஏறத்தாழ 80 கட்டளைச் சொற்கள் செருமானியம். மற்றவற்றை அந்தந்தப் படைப்பிரிவினரின் மொழியிலேயே அலுவலர் பேசவேண்டும் என்பது முறை. அம்மொழிகளைக் கற்ற பழைய அலுவலர் பலர் போரின் தொடக்கத்திலேயே மாண்டனர். பின்வந்தோர் பலர் தம் வீரரோடு பேசவியலாது நின்றனர்.

அங்கேரிப் பகுதியில் 1907இல் கல்வியமைச்சர் அப்பொன்யி ஒரு சட்டம் கொணர்ந்தார். பிறமொழிப் பள்ளிக் குழந்தையும் நான்காம் ஆண்டு முடிவதற்குள் தன் எண்ணத்தை அங்கேரிய மொழியில் சொல்லவேண்டும் என்றது அது. 1920 சனவரியில் அதே அப்பொன்யி பாரிசில் வென்றோர் முன் நின்று, தம் மக்களை அயலாட்சியில் விடவேண்டா என மன்றாடினார். பயனில்லை. சூன் 4இல் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால் அங்கேரி தன் நிலத்தில் மூன்றில் இரு பங்கை இழந்தது. அங்கேரியருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் அயலாட்சிக்குட்பட்டனர். பிறர் குழந்தைக்குச் செய்தது தம் குழந்தைக்கே வந்து சேர்ந்தது.

செக்கோசுலோவாக்கியா 1918 அக்தோபர் 28இல் பிறந்தது. போலந்து 123 ஆண்டுக்குப்பின் மீண்டெழுந்தது. மகிழத்தக்கதே. ஆயினும் எல்லைக்கோடு வரைந்த கை வென்றவர் கை. செக்கோசுலோவாக்கியாவுக்குள் ஏறத்தாழ 30 இலக்கம் செருமானியர் அவர்தம் இசைவு கேளாமலே அடைக்கப்பட்டனர். 1938இல் இட்லர் அக்குறையையே கருவியாக்கி அந்நாட்டைச் சிதைத்தான். உதுமானியரை எதிர்த்தெழுந்த அரபியருட் பலர்க்கு விடுதலை கிட்டவில்லை. அவர்தம் நிலத்தை இங்கிலாந்தும் பிரான்சும் 1916இலேயே கமுக்கமாகப் பங்கிட்டிருந்தன.

பெருமக்களே! அப்பேரரசின் பன்மொழி வீரர் நான்காண்டு போரிட்டனர், குருதி சிந்தினர். ஆனால் 1918இல் அது சாய்ந்தபோது, தாங்கிப் பிடிக்க அவர்தம் இனங்களுள் ஒன்றும் முன்வரவில்லை. இசைந்து சேர்ந்த துணை இடுக்கணில் நிற்கும். இசைவு கேளாது கட்டிய துணை இடுக்கணில் அறும். பள்ளியில் குழந்தையின் நாவைக் கட்டிய அரசுக்கு, வீழும் நாளில் அக்குழந்தையின் கை உதவாது. வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் வரலாறு வைத்த பாடம் இதுவே.